புள்ளி வைத்த கோப்பும் வராத எச்சரிக்கையும்

உங்கள் கேள்வியை எனக்குப் புரிந்த அளவில் திருப்பிச் சொல்கிறேன். அலுவலகத்தில் மூன்று உபுண்டு 22.04 சர்வர்கள். புதிதாகச் சேர்ந்த இருவருக்கு எஞ்சின்எக்ஸை (இணையப் பக்கங்களை வழங்கும் புரோகிராம்) ரீஸ்டார்ட் செய்யும் உரிமை மட்டும் தர வேண்டும். அதற்காக, சாதாரணப் பயனரை நிர்வாகி உரிமையோடு கட்டளை ஓட்டவிடும் சூடோவின் விதிக் கோப்புகள் இருக்கும் சூடோயர்ஸ்.டி அடைவில் 'வெப்டீம்.கான்ஃப்' என்று ஒரு கோப்பு போட்டீர்கள். பிழை எதுவும் காட்டவில்லை, ஆனால் உரிமையும் கிடைக்கவில்லை. அடுத்தது, லாகின் செய்வதற்கு முன்பே 'அனுமதி இல்லாதவர் நுழையக் கூடாது' என்று எச்சரிக்கை வர வேண்டும். இஷ்யூ கோப்பில் எழுதினால் எஸ்எஸ்ஹெச்சில் (வேறு மெஷினிலிருந்து நுழையும் வழி) வரவே இல்லை, எம்ஓடிடி (அன்றைய செய்தி) கோப்பில் எழுதினால் உள்ளே போன பிறகு வருகிறது. கடைசியாகப் போகிற போக்கில் கேட்டது: எச்சரிக்கையைத் தமிழில் வைக்கலாமா? பதினைந்து வருடமாக சர்வர் நிர்வாகம்தான் என் தொழில். எதை உறுதியாகச் சொல்ல முடியும், எது என் சொந்த அபிப்பிராயம் என்று பிரித்தே சொல்கிறேன்.

முதல் சிக்கல் உங்கள் கோப்பின் பெயரில் இருக்கும் புள்ளிதான். சூடோயர்ஸ்.டி அடைவில் பெயருக்குள் புள்ளி இருக்கும் கோப்பையும், பெயர் அலைக்குறியில் முடியும் கோப்பையும் சூடோ படிக்காமல் தாண்டிவிடும். இது பிழை இல்லை, வேண்டுமென்றே வைத்த விதி. பேக்கேஜ் அப்டேட் ஆகும்போது பழைய கோப்புகள் புள்ளி ஒட்டிய பெயர்களோடு அங்கேயே கிடக்கும், எடிட்டர்கள் அலைக்குறி போட்ட பிரதியை விட்டுப்போகும். அதையெல்லாம் உரிமை விதியாக எடுத்துக்கொண்டால் வம்பு. 'வெப்டீம்' என்று பெயர் மாற்றுங்கள், வேலை செய்யும். வேடிக்கை என்னவென்றால், இரண்டாவது வேலைக்கு நீங்கள் போகப்போகும், எஸ்எஸ்ஹெச் சர்வரின் அமைப்புக் கோப்புகள் இருக்கும் எஸ்எஸ்ஹெச்டி கான்ஃபிக்.டி அடைவில் விதி நேர் எதிர்: பெயர் '.கான்ஃப்' என்று முடிந்தால்தான் படிக்கும். எம்ஓடிடி ஸ்கிரிப்டுகள் இருக்கும் அடைவில் மறுபடியும் புள்ளி ஆகாது, '99-வரவேற்பு.எஸ்ஹெச்' என்று பெயர் வைத்துவிட்டு ஏன் ஓடவில்லை என்று ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தவர்களில் நானும் ஒருவன். புள்ளி இல்லாமல், எக்ஸிக்யூட் அனுமதியோடு இருந்தால்தான் அது ஓடும்.

இன்னொன்றும் இங்கேயே. பழைய உபுண்டுவில் சூடோயர்ஸ் கோப்பின் கடைசியில் ஹாஷ் குறியோடு ஆரம்பிக்கும் 'இன்க்ளூட்டிர்' வரி இருக்கும். கமென்ட் என்று நினைத்து அதை அழித்துவிடாதீர்கள். அது உயிருள்ள வரி. குழப்பம் அதிகமானதால்தான் சூடோ 1.9.1 முதல் ஹாஷுக்குப் பதில் அட் குறியும் போடலாம் என்று வந்தது. உங்கள் 22.04-இல் அட் குறிதான் இருக்கும்.

இனி விதியை எழுதுவது. ஒரு சூடோயர்ஸ் வரியில் நான்கு சங்கதி உண்டு: யார், எந்த மெஷினில், யாராக மாறி, எந்தக் கட்டளையை. 'யார்' என்ற இடத்தில் இரண்டு பேரின் பெயரையும் எழுதாமல் ஒரு குரூப் உண்டாக்கி அதன் பெயரைச் சதவீதக் குறியோடு எழுதுங்கள். நாளைக்கு ஒருவர் வேலையை விட்டுப் போனால் குரூப்பிலிருந்து எடுத்தால் போதும், விதியைத் தொட வேண்டாம். கட்டளையை முழுப் பாதையோடு, பின்னால் வரும் சொற்களோடும் சேர்த்து எழுத வேண்டும். சேவைகளைத் தொடங்கவும் நிறுத்தவும் உள்ள சிஸ்டம்சிடிஎல் என்று மட்டும் எழுதி விட்டுவிட்டால், அதன் பின்னால் அவர்கள் எதை வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாம். சர்வரையே நிறுத்தலாம். 'சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் எஞ்சின்எக்ஸ்' என்று முழுசாக எழுதினால் அந்த எழுத்துக்கு எழுத்து அப்படியே அடித்தால்தான் விடும். இதில் ஒரு தொல்லை உண்டு: பழக்கதோஷத்தில் 'எஞ்சின்எக்ஸ்.சர்வீஸ்' என்று அடிப்பவருக்கு அனுமதி இல்லை என்று வரும், உங்களுக்கு போன் வரும். இரண்டு வடிவத்தையும் காற்புள்ளி போட்டு எழுதிவிடுங்கள்.

அந்தக் காற்புள்ளியில் கவனம் தேவை. அது விட்டுப்போனால் பிழை என்று எதுவும் சொல்லாது. இரண்டாவது கட்டளை முதல் கட்டளையின் வாலாகப் போய் ஒட்டிக்கொள்ளும், இரண்டுமே ஓடாது. பாஸ்வர்ட் வேண்டாம் என்று சொல்லும் நோபாஸ்வர்ட் சொல்லும் அப்படித்தான். ஒரு கட்டளைக்கு முன்னால் போட்டால், அதே வரியில் அதற்குப் பின்னால் வரும் எல்லாக் கட்டளைக்கும் அது தொடரும். நடுவில் மாற்றிச் சொன்னால்தான் நிற்கும்.

'ஸ்டேட்டஸ் பார்க்கவும் சூடோவில் அனுமதி கொடுக்கலாமா, அதில் என்ன கெடுதல்' என்று கேட்டிருந்தீர்கள். கொடுக்காதீர்கள். ஸ்டேட்டஸ் பார்க்க ரூட் (எல்லா உரிமையும் உள்ள நிர்வாகக் கணக்கு) உரிமையே தேவையில்லை. லாக் வரிகளும் தெரிய வேண்டும் என்றால் அவர்களை லாக் படிக்க உரிமை உள்ள ஏடிஎம் குரூப்பில் சேர்த்தால் போதும். சூடோவில் கொடுத்தால் என்ன நடக்கும் என்றால், வெளியீடு திரையை விட நீளமாக இருக்கும்போது அது பக்கம் பக்கமாகக் காட்டும் லெஸ் என்ற பேஜருக்குள் திறக்கும். லெஸ்ஸுக்குள் ஆச்சரியக்குறியும் எஸ்ஹெச்சும் அடித்தால் ஒரு ஷெல் (எந்தக் கட்டளையும் அடிக்கும் இடம்) கிடைக்கும். சூடோவில் ஓடுவதால் அது ரூட் ஷெல். சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் 247-க்கு முந்தைய பதிப்புகளில் இந்த ஓட்டை இருந்ததற்கு 2023-இல் தனி எண்ணே கொடுத்துப் பதிவு செய்தார்கள். உங்கள் 22.04-இல் அதைவிடப் புதிய பதிப்பு இருக்கிறது. ஆனாலும் வீஐ எடிட்டர், லெஸ், ஃபைண்ட், டார் இதையெல்லாம் சூடோவில் 'கொஞ்சமாக' கொடுப்பது என்று ஒன்று கிடையாது. கொடுத்தால் முழுசும் கொடுத்ததுதான்.

நட்சத்திரக் குறியும் இதே ரகம். லாக் அடைவில் இருக்கும் கோப்புகளை மட்டும் கேட் கட்டளையால் திறந்து பார்க்கட்டும் என்று பாதையின் கடைசியில் நட்சத்திரம் போடுவார்கள். அந்த நட்சத்திரம் இடைவெளிக்கும் பொருந்தும், சாய்கோட்டுக்கும் பொருந்தும். ஒரு லாக் கோப்பின் பெயரைச் சொல்லி, ஓர் இடைவெளி விட்டு, பாஸ்வர்ட் விவரம் இருக்கும் ஷேடோ கோப்பின் பெயரையும் சேர்த்தால் அதையும் காட்டிவிடும். 'எல்லாம் தரலாம், இது மட்டும் கூடாது' என்று ஆச்சரியக்குறி போட்டு விலக்குவதும் வெறும் வேலிக்குச்சிதான். விலக்கிய கட்டளையை வேறு பெயரில் நகலெடுத்து ஓட்டினால் முடிந்தது. 2019 அக்டோபரில் வெளிவந்த ஒரு குறையில், 'ரூட் தவிர யாராகவும் மாறலாம்' என்று எழுதியிருந்த விதியை, பயனர் எண்ணாக மைனஸ் 1 என்று கொடுத்தே தாண்டினார்கள். சூடோ 1.8.28-இல் சரிசெய்தார்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் உறுதி. அடுத்தது என் அபிப்பிராயம். எஞ்சின்எக்ஸ் கான்ஃபிக் கோப்பை அவர்களே திருத்தவும் வேண்டும், ரீஸ்டார்ட் செய்யவும் வேண்டும் என்றால், அவர்களுக்கு ஏறக்குறைய ரூட் கொடுத்துவிட்டதாகவே கணக்கு வையுங்கள். எஞ்சின்எக்ஸின் மாஸ்டர் புராசஸ் ரூட்டாக ஓடுகிறது. கான்ஃபிக்கில் ஒரு மாட்யூலை ஏற்றச் சொன்னால் ரூட்டாகவே ஏற்றும். கோப்பைத் திருத்த மட்டும் விடும் சூடோஎடிட் கொடுத்தாலும் இது மாறாது. நான் செய்வது: கான்ஃபிக் மாற்றம் கிட்டில் (மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) போகும், இன்னொருவர் பார்த்த பிறகு ஸ்கிரிப்ட் கொண்டுபோய் வைக்கும், ரீஸ்டார்ட் மட்டும் அவர்கள் கையில். மூன்றே சர்வருக்கு இது அதிகம் என்று தோன்றினால், அவர்களை நம்பி முழு உரிமை கொடுத்துவிடுவதும் நேர்மையான முடிவுதான். கட்டுப்படுத்தியதாக நினைத்துக்கொண்டு கட்டுப்படுத்தாமல் இருப்பதுதான் மோசம்.

பாஸ்வர்ட் கேட்கலாமா வேண்டாமா என்பதில் எங்கள் தொழிலிலேயே இரண்டு கட்சி உண்டு. ஒரே ஒரு ரீஸ்டார்ட் கட்டளைக்கு நோபாஸ்வர்ட் போடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. முழு உரிமைக்கு மனிதர்கள் கணக்கில் போட மாட்டேன். திறந்து கிடக்கும் லேப்டாப்பில் யாரோ உட்கார்ந்தால் அந்த ஒரு கேள்வியாவது நிறுத்தும். உபுண்டுவில் ஒரு தடவை பாஸ்வர்ட் கொடுத்தால் 15 நிமிடம் திரும்பக் கேட்காது, அதைக் குறைத்துக்கொள்ளலாம். நோபாஸ்வர்ட் போட்ட பிறகும் கேட்கிறது என்றால் வரிசையைப் பாருங்கள். சூடோயர்ஸில் ஒருவருக்குப் பொருந்தும் வரிகளில் கடைசியாக வருவதுதான் செல்லும். சூடோ குரூப்புக்கான பொது வரி உங்கள் வரிக்குக் கீழே இருந்தால் அதுதான் ஜெயிக்கும். விதி எழுதி முடித்ததும் சூடோவுக்கு எல் கொடியும், பெரிய யூ கொடியோடு அந்தப் பயனரின் பெயரும் கொடுத்து ஓட்டுங்கள். அவருக்கு உண்மையில் என்னென்ன கிடைத்திருக்கிறது என்று பட்டியல் வரும். நீங்கள் இதை முன்பே ஓட்டியிருந்தால் உங்கள் கோப்பு படிக்கப்படவே இல்லை என்று ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

கோப்பைத் திருத்த எப்போதும் சூடோயர்ஸுக்கென்றே உள்ள விசூடோதான், தனிக் கோப்பு என்றால் எஃப் கொடியோடு. இதை நான் அறிவுரையாகச் சொல்லவில்லை, சூடுபட்டுச் சொல்கிறேன் (பெயரே அப்படி அமைந்துவிட்டது). தொழிலுக்கு வந்த புதிதில், வெளியூர் டேட்டா சென்டரில் இருந்த வாடிக்கையாளர் ஒருவரின் சர்வரில் ராத்திரி பதினோரு மணிக்கு நானோ என்ற சாதாரண எடிட்டரில் சூடோயர்ஸைத் திறந்து ஒரு வரி சேர்த்தேன். 'ரூட்' என்ற சொல்லுக்குப் பின் அடைப்புக்குறியை மூடவில்லை. சேமித்தேன், விண்டோவை மூடினேன், படுக்கப் போனேன். காலையில் சூடோ எதை அடித்தாலும் அந்த வரியின் எண்ணைக் காட்டி, படிக்க முடியவில்லை என்று நின்றுவிட்டது. உபுண்டுவில் ரூட் பாஸ்வர்ட் பூட்டியே வரும் என்பதால் ரூட்டாக மாறும் எஸ்யூ கட்டளையின் வழியும் அடைப்பு. அங்கிருந்த ஊழியரிடம் மானிட்டரும் கீபோர்டும் மாட்டச் சொல்லி, ரெக்கவரி மோடில் பூட் செய்யச் சொல்லி, போனில் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லித் திருத்தினோம். 'ஓப்பன் பிராக்கெட் இருக்கு சார், க்ளோஸ் பிராக்கெட்டைக் காணோம்' என்று அவர் சொன்ன குரல் இன்னும் காதில் இருக்கிறது. விசூடோ என்றால் சேமிக்கும்போதே பிழையைச் சொல்லி, என்ன செய்வது என்று கேட்டிருக்கும். ஈ அழுத்தினால் மறுபடி திருத்தலாம், எக்ஸ் அழுத்தினால் பழைய கோப்பு அப்படியே இருக்கும். பெரிய க்யூ அழுத்தினால் பிழையோடு சேமிக்கும், அதைத் தொடாதீர்கள்.

அன்றிலிருந்து ஒரு பழக்கம். இரண்டு விண்டோ. ஒன்றில் ரூட் ஷெல் திறந்தபடி இருக்கும், இன்னொன்றில் புதிதாக லாகின் செய்து சோதிப்பேன். இரண்டாவதில் எல்லாம் ஓடினால்தான் முதலாவதை மூடுவேன். குரூப்பில் சேர்க்கும்போதும் இதே கதை: யூசர்மாட் கட்டளையில் பெரிய ஜி மட்டும் போட்டு சின்ன ஏ-யை விட்டுவிட்டால், அந்த ஆள் மற்ற கூடுதல் குரூப் எல்லாவற்றிலிருந்தும் கழன்றுவிடுவார். அந்த ஆள் நீங்களாகவே இருந்தால் சூடோ குரூப்பும் போயிற்று. ஏற்கெனவே திறந்திருக்கும் செஷனில் புதிய குரூப் தெரியாது, வெளியே போய்த் திரும்ப லாகின் செய்ய வேண்டும் என்பதையும் அவர்களிடம் சொல்லிவிடுங்கள். 'சேத்துட்டீங்களா இல்லையா' என்று நாலு தடவை கேட்பார்கள்.

எவ்வளவு பார்த்து விதி எழுதினாலும் சூடோவை அப்டேட் செய்யாமல் விட்டால் வீண். 2021 ஜனவரியில் குவாலிஸ் நிறுவனத்தார் வெளியிட்ட குறை 2011-லிருந்தே உள்ளே இருந்தது. சூடோயர்ஸில் பெயரே இல்லாத சாதாரணப் பயனரும் அதை வைத்து ரூட் ஆகலாம். 2025 ஜூனில் இன்னொன்று, 1.9.17பி1-இல் அடைத்தார்கள். உபுண்டு தன் பழைய பதிப்பு எண்ணை வைத்துக்கொண்டே திருத்தத்தை மட்டும் உள்ளே சேர்க்கும், அதனால் எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். செக்யூரிட்டி அப்டேட் ஓடியதா என்று மட்டும் பாருங்கள்.

சரி, எச்சரிக்கைக்கு வருவோம். மூன்று கோப்புகள், மூன்று நேரங்கள். இஷ்யூ கோப்பு, மெஷினுக்கு நேர் எதிரே மானிட்டர் மாட்டி உட்கார்ந்தவருக்கு, லாகின் கேட்பதற்கு முன்னால் வருவது. இஷ்யூ.நெட் டெல்நெட் காலத்துக் கோப்பு. எம்ஓடிடி உள்ளே போன பிறகு வருவது. எஸ்எஸ்ஹெச் முதல் இரண்டையும் தானாகத் தொடாது. எஸ்எஸ்ஹெச்டி கான்ஃபிக்கில் 'பேனர்' என்ற வரியில் எந்தக் கோப்பைக் காட்டுகிறீர்களோ அதைத்தான் பாஸ்வர்டுக்கு முன்னால் அனுப்பும். அந்த வரி இயல்பாக அணைந்தே இருக்கும். உங்களுக்கு வராததற்குக் காரணம் இவ்வளவுதான். இஷ்யூ.நெட் கோப்பில் வாசகத்தை எழுதி, பேனர் வரியில் அந்தப் பாதையைக் கொடுங்கள். இஷ்யூவில் பின்சாய்கோடு போட்டு மெஷின் பெயர், கெர்னல் பதிப்பு வரவைக்கும் குறிகள் பேனரில் வேலை செய்யாது, அப்படியே எழுத்தாக வரும். அது நல்லதுதான், உள்ளே வராதவனுக்கு எதற்கு அந்த விவரம்.

வரியை எங்கே எழுதுவது என்பதில்தான் தடுமாறுவார்கள். சூடோயர்ஸில் கடைசி வரி ஜெயிக்கும் என்றேன் அல்லவா, எஸ்எஸ்ஹெச்டி கான்ஃபிக்கில் முதலில் வந்த மதிப்புதான் ஜெயிக்கும். உபுண்டுவில் கான்ஃபிக்.டி அடைவைச் சேர்க்கும் வரி பிரதானக் கோப்பின் உச்சியிலேயே இருப்பதால், அந்த அடைவில் இருப்பதே முந்தும். '10-பேனர்.கான்ஃப்' என்று அங்கே ஒரு கோப்பு போடுங்கள். பிறகு எஸ்எஸ்ஹெச்டியை சின்ன டி கொடியோடு ('டெஸ்ட்' என்பதன் முதல் எழுத்து) ஓட்டினால் எழுத்துப்பிழை இருந்தால் சொல்லும், ஒன்றும் சொல்லாவிட்டால் சரி. ரீலோட் செய்யுங்கள். இரண்டு விண்டோ விதி இங்கேயும் உண்டு.

வாசகம் என்ன? 'வெல்கம்' என்று எழுதியதால் உள்ளே புகுந்தவன் வழக்கில் தப்பித்துவிட்டான் என்று ஒரு கதை பல வருடமாகச் சுற்றுகிறது. வழக்கு எண்ணோடு யாரும் எனக்குக் காட்டியதில்லை, கட்டுக்கதை என்றே நினைக்கிறேன். நம் ஊரில் 2000-ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு, உரிமையாளரின் அல்லது பொறுப்பாளரின் அனுமதி இல்லாமல் நுழைவதைப் பற்றிப் பேசுகிறது. அதையே நேர்மையற்ற எண்ணத்தோடோ மோசடியாகவோ செய்தால் 66-ஆம் பிரிவில் மூன்று வருடம் வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அங்கே அச்சாணி 'அனுமதி' என்ற சொல். அதனால் அனுமதி பெற்றவருக்கு மட்டும், நடவடிக்கைகள் பதிவாகும் என்று இரண்டே விஷயத்தைத் தெளிவாகச் சொன்னால் போதும் என்பது என் வழக்கம். நான் வக்கீல் இல்லை. பெரிய நிறுவனம் என்றால் வாசகத்தை அவர்களின் சட்டப் பிரிவுதான் தர வேண்டும். கம்பெனி பெயர், உங்கள் செல் நம்பர், சர்வரின் வேலை என்ன என்பதெல்லாம் வேண்டாம். லாகின் முயலும் எவனுக்கும் உலகத்தின் எந்த மூலையிலும் இது தெரியும்.

தமிழில் வைக்கலாம், ஆனால் எங்கே என்பதுதான் கேள்வி. ஓப்பன்எஸ்எஸ்ஹெச் 7.3 வந்த 2016-லிருந்து பேனரில் யூடிஎஃப்-8 (தமிழையும் தாங்கும் எழுத்துக் குறியீடு) எழுத்தை கிளையன்ட் அப்படியே காட்டும். புட்டி என்ற எஸ்எஸ்ஹெச் கிளையன்டைப் பயன்படுத்துபவர் அதில் எழுத்துக் குறியீட்டை யூடிஎஃப்-8 என்றும், தமிழ் எழுத்துரு ஒன்றையும் தேர்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கட்டம் கட்டமாக வரும். டெர்மினல்கள் எழுத்துக்கு ஒரு கட்டம் என்று அளந்து வைப்பவை. 'கொ' போன்ற எழுத்தில் ஒற்றைக்கொம்பும் காலும் இரண்டு பக்கம் போய் நிற்க வேண்டும், அதில் பல டெர்மினல்கள் தடுக்கும். சுற்றிலும் நட்சத்திரத்தால் பெட்டி கட்டினால் வலது ஓரம் பல்லிளிக்கும், பெட்டி வேண்டாம். இஷ்யூ கோப்பில் மட்டும் தமிழ் வைக்காதீர்கள். லினக்ஸ் கன்சோல் எழுத்துரு அதிகபட்சம் 512 வடிவங்களைத்தான் தாங்கும், உயிர்மெய்யைச் சேர்த்து வரையவும் அதற்குத் தெரியாது. ராத்திரி சர்வர் அறையில் நிற்பவருக்குக் கேள்விக்குறிகள்தான் தெரியும். எங்கள் சர்வர்களில் பேனரில் ஆங்கிலம் இரண்டு வரி, கீழே தமிழ் இரண்டு வரி: 'அனுமதி பெற்றவர்களுக்கு மட்டும். இங்கே செய்வது அனைத்தும் பதிவாகும்.' இஷ்யூவில் ஆங்கிலம் மட்டும்.

உள்ளே வந்த பிறகு காட்டும் எம்ஓடிடியில் அன்றைக்குத் தேவையானதை எழுதுங்கள், 'இது புரொடக்‌ஷன், ஞாயிறு இரவு பேக்கப் ஓடும்' என்பது போல. உபுண்டுவே போடும் விளம்பரச் செய்திகள் பிடிக்காவிட்டால் எம்ஓடிடி நியூஸை அணைத்துவிடலாம், 2017-இல் அதில் ஒரு தொலைக்காட்சித் தொடர் பற்றிய சங்கதி வந்து ஏகப்பட்ட பேர் கொதித்தார்கள். எம்ஓடிடி ஸ்கிரிப்டுகள் லாகின் நேரத்தில் ரூட்டாக ஓடுபவை. இணையத்தில் கிடைத்த அலங்கார ஸ்கிரிப்டைப் படிக்காமல் ஒட்டாதீர்கள். செய்தியை பாஷ்ஆர்சியில் (ஷெல் தொடங்கும்போது ஓடும் கோப்பு) எக்கோ போட்டுக் காட்டும் குறுக்குவழியும் வேண்டாம். கோப்புகளை அனுப்பும் எஸ்எஃப்டிபி, எஸ்சிபி இரண்டும் அந்த எழுத்தைத் தங்கள் பேச்சு என்று நினைத்து, 'செய்தி மிக நீளம்' என்பது போன்ற சம்பந்தமில்லாத பிழையோடு அறுந்துபோகக்கூடும்.

உங்கள் ஜூனியர்கள் ஒரு வாரத்தில் தங்கள் ஹோமில் ஹஷ்லாகின் என்ற வெற்றுக் கோப்பை வைத்து எம்ஓடிடியை நிறுத்திவிடுவார்கள். நிறுத்தட்டும். பேனரை அது தொடாது. கிளையன்டில் லாக்லெவலை எரர் என்று வைத்தால் பேனரும் மறையும், கிரானில் (குறித்த நேரத்தில் தானாக ஓடவைப்பது) ஓடும் ஸ்கிரிப்டுகளுக்கு நானே அப்படித்தான் வைக்கிறேன். ஆக, படித்தார்களா இல்லையா என்பதற்குப் பேனரை நம்ப முடியாது. யார் எப்போது எந்த சூடோ கட்டளை அடித்தார் என்பது ஆத்.லாக் கோப்பில் இருக்கும். அது உபுண்டுவில் இயல்பாகச் சில வாரங்களில் சுழன்று அழிந்துவிடும், இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் விடுத்த உத்தரவு 180 நாள் வைத்திருக்கச் சொல்கிறது. லாக்கைச் சுழற்றும் லாக்ரொட்டேட்டின் அமைப்பைத் திறந்து அந்த எண்ணை இன்றைக்கே பாருங்கள். முடிந்தால் லாக்கை வேறு மெஷினுக்கும் அனுப்புங்கள், ரூட் கிடைத்தவனுக்கு உள்ளே இருக்கும் கோப்பைத் திருத்த ஒரு நிமிடம் போதும்.